கைசரை ஒப்படைத்த காரணம்

1

எங்கள் ஷிப்டில் டேவ் என்றொரு ஆள் உண்டு. பால்பவுடர் மூட்டைகளை அடுக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். போன வாரம் இரண்டு நாள் அவரைக் காணவில்லை. மூன்றாம் நாள் காலையில் எங்கள் சூப்பர்வைசர் ஒரு மடிப்பு அட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். டேவின் நாய் இறந்துவிட்டதாம். பதினான்கு வருடம் வளர்த்த நாய். ஆபீசில் லீவு கொடுத்திருக்கிறார்கள், எல்லோரும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள்.

ஆளாளுக்கு எழுதினார்கள். பேனா என் கைக்கு வந்தபோது எனக்கு எழுத வரவில்லை. நியூசிலாந்துக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இம்மாதிரி அட்டைகளில் என்ன எழுத வேண்டும் என்று தெரியும்; அந்த நான்கு வார்த்தைகள் மனப்பாடம். ஆனாலும் கை ஓடவில்லை. பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தேன். பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரப் பெண், "உனக்கு நாய் பிடிக்காதா?" என்று கேட்டாள். பிடிக்காது என்று சொன்னேன். அதைச் சொல்வதுதான் சுலபமாக இருந்தது.

நான் அப்பாவையும் அவருடைய நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு கேரள எல்லையோரம் உள்ள எங்கள் செங்கல் கிராமத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்டு அந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊரில் இதை வாசிக்கிறவர்களில் அப்பாவை அறிந்தவர்கள் இருப்பீர்கள். என்ன ஆயிற்று என்று பலர் போனில் கேட்டீர்கள். நான் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொல்லியிருக்கிறேன். நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

2

அப்பா பெயர் தேவதாசன். நெய்யாற்றின்கரையில் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே முப்பத்தெட்டு வருடம் பத்திரம் எழுதினார். எங்கள் பக்கத்தில் அதை ஆதாரம் எழுத்து என்பார்கள். வீட்டிலும் சபை ஆராதனையிலும் தமிழ், பத்திரத்தில் மலையாளம். ஒரு நிலத்தின் மூன்று எல்லைகளைச் சொன்னால் நான்காவது பக்கம் யாருடையது என்று அவரே சொல்லிவிடுவார்.

அம்மா போய் நான்கு வருடம் ஆயிற்று. பிறகு அந்த வீட்டில் அவரும் கைசரும்தான். கைசர் தவிட்டு நிற நாட்டு நாய். வலது முன்காலில் மட்டும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. அம்மா இருந்தபோதே, பாறசாலை சந்தைக்கு மீன் வாங்கப் போன அப்பா ஒருநாள் மீன் பையோடு அந்தக் குட்டியையும் தூக்கி வந்தார். பஞ்சாயத்தில் போய் அதற்கு லைசன்ஸ் எடுத்தார். எங்கள் வார்டில் லைசன்ஸ் உள்ள ஒரே நாட்டு நாய் அதுவாகத்தான் இருக்கும். "கடலாசு இல்லாம ஒண்ணும் நிக்காது மக்கா, பட்டிக்கும் கடலாசு வேணும்" என்று போனில் என்னிடம் சொன்னார். எங்கள் பேச்சில் கடலாசு என்றால் காகிதம், பட்டி என்றால் நாய். வருடா வருடம் ஊசி போட்ட அட்டையையும் வீட்டு வரி ரசீதையும் ஒரே கவரில் வைத்திருந்தார்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு விடிகாலை குளிமுறியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. எழும்ப முடியவில்லை, சத்தமும் வரவில்லை. கைசர் வெளியே அடுக்களை வாசலில் நின்று குரைக்கத் தொடங்கினான். பக்கத்து வீட்டு சுகுமாரன் அண்ணன் பத்து மணி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, சண்டை போடத்தான் வந்திருக்கிறார். "ஓய், இந்தப் பட்டிய ஒண்ணு அடக்கும். மனுசன் வீட்டுல இருக்காண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர்தான் அப்பாவைப் பார்த்தார்.

எனக்குச் செய்தி வந்தபோது நான் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஷிப்ட் முடிய மூன்று மணி நேரம் இருந்தது. முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

3

ஆபரேஷன் முடிந்தது. தடி ஊன்றி நடக்கத் தொடங்கினார். ஆனால் தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் நான்கு வார லீவில் ஊருக்கு வந்தேன். மனைவியால் வர முடியவில்லை. மகள் ரியாவுக்குப் பதினாறு வயது, பள்ளியில் விளையாட்டு முகாம் இருந்தது. வீடியோவில் தாத்தாவைப் பார்த்து, "தாத்தா, நீ நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். 'நீங்கள்' என்று ஒரு வார்த்தை உண்டென்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்பாவுக்கு அது பிடிக்கும். "நல்லா இருக்கேன் மக்களே, நீ?" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச வார்த்தை இல்லை. அவள் கை காட்டினாள், அவரும் கை காட்டினார்.

அவரை என்னோடு கூட்டிப்போக முடியாது. பெற்றோரை அழைக்கும் விசாவுக்கு மனு போட்டு, குலுக்கலில் பெயர் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். இதை விளக்கியபோது அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னையும் லாட்டரி சீட்டுல போட்டியா மக்கா?"

"அது அங்கத்த சட்டம் அப்பா."

"பம்பர் அடிச்சா சொல்லு. மேல்சட்டை தேச்சு வைக்கலாம்."

நாயின் நிலைமை இன்னும் மோசம். இந்தியாவிலிருந்து நேராக நாயைக் கொண்டுவர இங்கே அனுமதி இல்லை. வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்து, அங்கிருந்து கொண்டுவர வேண்டும். கைசருக்காக ஒரு மூன்றாவது நாட்டை எங்கே போய்த் தேடுவது?

மிச்சம் இருந்தது தங்கை ஷீபா. பெங்களூரில் ஒன்பதாவது மாடி ஃபிளாட். அவளும் அவள் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகன் ஆகாஷுக்கு ஒன்பது வயது. அப்பாவை வைத்துக்கொள்ள அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நாயைப் பற்றியும் கேட்டேன்.

"ஆகாஷுக்கு வீசிங் உண்டு அண்ணா. பூனை இருக்கிற வீட்டுக்குப் போயிட்டு வந்தே ரெண்டு தடவை ஆசுபத்திரியில கிடந்தான். அப்பாவுக்கு கைசர் யாருன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன செய்ய?"

அவளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஊரில் யாரிடமாவது விடலாம் என்று நான்கு வீட்டில் கேட்டேன். சுகுமாரன் அண்ணனுடைய இரண்டு கோழிகளைக் கைசர் கொன்றிருக்கிறான். அதற்கு மேல் அவரிடம் எப்படிக் கேட்பது? ஆனாலும் கேட்டேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டியது தெரிந்தது. காஞ்சிரங்குளத்தில் அத்தை மகன் இருக்கிறான். நாய்க்கடி பயம் ஊரெல்லாம் இருக்கும்போது பிள்ளைகள் உள்ள வீட்டில் எட்டு வயது நாயை எடுக்க முடியாது என்றான். அவன் சொன்னதும் நியாயம்.

அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "கைசர் வந்தா நான் வாறேன். இல்லேன்னா இஞ்சயே கிடக்கேன். நீ சமாதானமா போ."

என் லீவில் எட்டு நாள் மிச்சம் இருந்தது. அன்று மத்தியானம் கணினியில் தேடி, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில், ஆள் இல்லாத நாய்களை வைத்துப் பார்க்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். பேசினேன். கொண்டுவாருங்கள் என்றார்கள். சாயங்காலம் அப்பாவிடம் போய், "ஷீபாகிட்ட பேசியாச்சு. கைசரும் வாறான்" என்றேன்.

அப்பா எழுந்து போய் அந்தக் கவரை எடுத்துவந்து, ஊசி அட்டையும் லைசன்சும் இருக்கிறதா என்று சரிபார்த்தார்.

4

ரயிலில் நாயைத் தனிப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள். அப்பாவின் இடுப்பும் படி ஏறி இறங்கும் நிலையில் இல்லை. சுகுமாரன் அண்ணனின் மகன் வளைகுடாவில் இருக்கிறான்; அவனுடைய கார் சும்மா நின்றது. கோழிகளைக் கொன்ற நாய்க்குத் தன் மகனின் காரைக் கொடுத்தார் அந்த மனிதர். பின் சீட்டில் விரிக்க ஒரு பழைய போர்வையும் கொடுத்தார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் புறப்பட்டோம். அப்பா வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் தந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கைசருக்குத்தான் ஏற மனமில்லை. அதுவரை அவன் கார் ஏறியதே இல்லை. அப்பா முதலில் பின் சீட்டில் உட்கார்ந்து, "வாலே, ஏறு" என்றார். ஏறினான். மகேஸ்வரம் கோயிலுக்கு வரும் வண்டிகள் வழியை அடைத்து நின்றதால் நெடுஞ்சாலைக்கு வரவே அரை மணி நேரம் ஆயிற்று.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் கைசர் வாந்தி எடுத்தான். அப்பா அவன் தலையைத் தன் தொடையில் வைத்துக்கொண்டு, என்னிடம் மெதுவாகப் போகச் சொன்னார். நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் தெரிந்த இடத்தில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். கைசர் எழுந்து முகத்தை வெளியே நீட்டினான். காதுகள் பின்னால் மடங்கின. அப்பா சிரித்தார்.

"திருநெல்வேலிக்கு அங்க நான் போனதில்ல மக்கா. இவனும் போனதில்ல. ரெண்டு பேருக்கும் புது ரோடு."

கோவில்பட்டிப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அப்பா கடைக்காரரிடம், "பட்டிக்கு கொஞ்சம் வெள்ளம் தரணும்" என்றார். கடைக்காரர் முழித்தார். நான், "நாய்க்குக் கொஞ்சம் தண்ணி" என்றேன். கடைக்காரர் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, "மலையாளமா? தமிழ் நல்லா வருதே" என்று அப்பாவைப் பாராட்டினார்.

அப்பா காரில் ஏறிய பிறகு சொன்னார். "நெய்யாற்றின்கரையில எனக்கு பாண்டின்னு பேரு. இஞ்ச மலையாளி. உனக்கு அங்க என்ன பேரு?"

"இந்தியன்" என்றேன்.

"அது கொள்ளாம், நல்ல பேருதான். இத்திரி பெரிய இடம்."

திண்டுக்கல் புறவழிச்சாலையில் வெயில் சாயும் நேரத்தில் லாட்ஜ் தேடினோம். இரண்டு இடத்தில் நாயைப் பார்த்ததும் இல்லை என்றுவிட்டார்கள். மூன்றாவது இடத்தில், டிரைவர்கள் படுக்கும் கொட்டகையில் கட்டிப்போடலாம் என்றார்கள். அப்பா எனக்கு எடுத்த அறைக்கு வர மறுத்துவிட்டார். காவல்காரர் ஒரு கயிற்றுக் கட்டில் கொண்டுவந்து போட்டார். புது இடுப்பு எலும்போடு எழுபத்தாறு வயது மனிதர் லாரி டிரைவர்கள் நடுவே நாயின் பக்கத்தில் படுத்தார். நான் ஏசி அறையில் படுத்தேன்.

காலையில் போனபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு டிரைவர் வாங்கிக் கொடுத்த இட்லியைப் பிட்டுக் கைசருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ஷீபாக்க வீட்டுல பால்கனி உண்டா?"

"உண்டு அப்பா."

"வெயில் விழுமா?"

"காலையில விழும்."

"அப்ப மதி, அது போதும். இவனுக்கு காலத்த வெயில் வேணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். குடித்து முடித்ததும், கரூர் தாண்டட்டும் என்று நினைத்தேன்.

5

நான் சொல்ல வேண்டி வரவில்லை.

நாமக்கல் தாண்டிச் சேலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். வழி காட்டுவதற்காக என் போனைக் காரின் ஸ்பீக்கரோடு இணைத்திருந்தேன். ஷீபா கூப்பிட்டாள். நான் கையை நீட்டி நிறுத்துவதற்குள் அழைப்பு தானாக இணைந்து, அவள் குரல் கார் முழுக்கக் கேட்டது.

"அண்ணா, எங்க இருக்கே? கைசரை விட்டாச்சா? அப்பாகிட்ட எப்பத்தான் சொல்லப் போறே? எனக்குக் கையும் காலும் ஓடல்ல."

எனக்கு முன்னால் ஒரு முட்டை லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"ஹலோ? அண்ணா?"

பின் சீட்டிலிருந்து அப்பா பேசினார். "சொல்லியாச்சு மக்களே. போனை வை."

கொஞ்ச தூரம் போனதும், "ஒண்ணு நிறுத்து" என்றார். சாலையோரம் ஒரு புங்க மரத்தடியில் நிறுத்தினேன். தடியை ஊன்றி இறங்கி, கைசரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பு வரை போனார். கைசர் முகர்ந்து முகர்ந்து காலைத் தூக்கினான். அப்பா அவசரப்படுத்தவில்லை. திரும்பி வந்து காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க இடம் பாத்திருக்கே?"

சொன்னேன்.

"நல்ல ஆள்க்காரா?"

"நல்ல மாதிரியாத்தான் பேசினாங்க."

"நீ போய்ப் பாக்கல்ல."

"இல்ல."

தலையை ஆட்டினார். எனக்கு அடக்க முடியவில்லை. "அப்பா, திரும்பிப் போயிரலாம். வீட்டுக்கே போயிரலாம்" என்றேன்.

"போனா நீ எத்தர நாள் இருப்பே?"

செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். அதை அவர் அறிவார். என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, பெயரின் எழுத்து சரியாக இருக்கிறதா என்று சோதித்தவர் அவர்தான்.

"இனி எத்தர தூரம் உண்டு?" என்று கேட்டார்.

"மூணு மணிக்கூர்."

"வண்டிய எடு. பைய ஓட்டு. அவன் மடியில கிடக்கட்டு."

மூன்று மணி நேரத்தை நான்கரை மணி நேரமாக ஓட்டினேன். அதற்கு மேல் மெதுவாக ஓட்ட அந்தச் சாலையில் முடியாது.

6

அந்த இடம் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஒரு மாந்தோப்பு ஓரத்தில் இருந்தது. கம்பி வலைக்குள் நாற்பது ஐம்பது நாய்கள். எங்கள் கார் நின்றதும் எல்லாம் சேர்ந்து குரைத்தன. கைசர் குரைக்கவில்லை, அப்பாவின் காலோடு ஒட்டிக்கொண்டான். நடத்துகிறவர் விமலா என்ற பெண். நல்லவர், களைத்துப்போன முகம். எங்களை உட்காரச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பெயர், வயது, ஊசி, கடிக்கும் பழக்கம் உண்டா, யாருடைய நாய். அப்பா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இது போதாது. ஒரு வெள்ளைக் கடலாசு தரணும்" என்றார். விமலா கொடுத்தார்.

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இத்தனை வருடத்தில் அவர் எழுதுவதை நான் நின்று பார்த்ததில்லை. மேசை சமமாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தமிழில் எழுதத் தொடங்கினார். செங்கல் கிராமத்தில் தாமசிக்கும் தேவதாசன் ஆகிய நான், எட்டு வருடமாக என் கைவசத்திலும் அனுபவத்திலும் இருந்துவருகிற, தவிட்டு நிறமும் வலது முன்காலில் வெள்ளையும் உள்ள கைசர் என்ற ஆண் நாயை இதனால் ஒப்படைக்கிறேன். கீழே வரிசையாக எழுதினார். சாளை மீன் கொடுத்தால் தலையை எடுத்துவிட வேண்டும், முள் தொண்டையில் மாட்டும். இடி இடித்தால் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். இடது காதைத் தொடக்கூடாது, பழைய புண். ஒரு தடவை கூப்பிட்டால் வர மாட்டான், இரண்டு தடவை கூப்பிட வேண்டும். இவனால் ஒருவருக்கும் இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வரியை எழுதியபோது கொஞ்சம் நிறுத்தி, 'இரண்டு கோழி நீங்கலாக' என்று சேர்த்தார். கையெழுத்துப் போட்டு, தேதியும் இடமும் எழுதினார்.

பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினார். எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தார். ஒன்றை மட்டும் விட்டிருந்தார். ஒப்படைக்கும் காரணம்.

"இது நீ எழுது" என்றார். "இது உனக்க காரணம் ஆக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. பத்திர வேலையில் யார் எதை எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். நான் பேனாவை வாங்கி 'இடமாற்றம்' என்பதற்கான ஆங்கில வார்த்தையை எழுதினேன்.

விமலா கயிற்றை வாங்கிக்கொண்டார். அப்பா குனிய முடியாமல் தடியை ஊன்றிக் கொஞ்சம் வளைந்து, "இரி" என்றார். கைசர் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஆராதனை முடிந்து வரும் வரை சபை வாசலில் உட்கார்ந்திருப்பவன் அவன். அதே மாதிரி முன்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தான். நாங்கள் காரில் ஏறியபோதும் எழவில்லை, குரைக்கவில்லை. எங்கோ போய்விட்டு வருவார் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

7

பெங்களூரில் ஷீபா அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ எதுக்கு அழுகா? பிள்ளைக்க நெஞ்சு நல்லா இருக்கட்டு" என்றார். லிஃப்டில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். அறையைக் காட்டினோம். கிழக்கு எது என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. ஆகாஷ் போனில் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் காலையில் நான் காரைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கப் புறப்பட்டேன். ஓசூர் தாண்டி, அந்த மாந்தோப்புக்குத் திரும்பும் இடம் வந்தது. முன்தினமே நினைத்து வைத்திருந்தேன், போய் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று. வேகத்தைக் குறைத்தேன். பின்னால் ஒரு பஸ் ஒலி எழுப்பியது. என்னைத் தனியாகப் பார்த்தால் கைசர் அப்பாவைத் தேடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நேராகப் போய்விட்டேன். அது ஒரு காரணமா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

சுகுமாரன் அண்ணன் வீட்டு முன்னால் காரைக் கழுவினேன். பின் சீட்டில் ரோமம் விடாமல் ஒட்டியிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு அவர் கேட்டார். "பட்டியும் அங்கதானே?"

"ஆமா அண்ணா."

"நல்ல காரியம். இப்ப ராத்திரி ஒரு சத்தமும் இல்ல, உறக்கம் வரல்ல."

செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது ரியா ஆங்கிலத்தில் கேட்டாள், தாத்தா அழுதாரா என்று. இல்லை என்றேன். நீங்கள் அழுதீர்களா என்றாள். இல்லை என்றேன். அவள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் கைசரைப் பற்றி அவள் கேட்டதில்லை. வேறு பல விஷயங்களையும் கேட்பதில்லை.

8

ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவோடு வீடியோவில் பேசுவேன். பேச்சு முடியும்போது ஒரே கேள்வி. "அவன் எப்படி இருக்கான்?" விமலா அனுப்பும் படங்களைப் பார்த்து, "கொள்ளாம் அப்பா, நல்லா இருக்கான்" என்பேன்.

மூன்றாவது மாதம் விமலாவிடமிருந்து செய்தி வந்தது. கைசர் வந்ததிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு காய்ச்சல். டாக்டர் வந்து இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. மாமரத்தடியில் புதைத்ததாக எழுதியிருந்தார். மண்மேட்டின் படமும் இருந்தது.

ஷீபாவிடம் சொன்னேன். இப்போது அப்பாவிடம் சொல்ல வேண்டாம், இந்த நிலைமையில் தாங்க மாட்டார் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். அடுத்த ஞாயிறு கேட்டார். "கொள்ளாம்" என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார். பழக்கமாகிவிட்டது. ஒருமுறை, "இப்ப ஆளு தடிச்சிட்டான், நல்லா தின்னுகான்" என்றுகூடச் சொன்னேன். "ஓ" என்றார்.

பிறகு ஒரு ஞாயிறு அவர் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்தது. ஷீபாவைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு ஓர்மை குறைகிறது, எல்லாம் மறக்கிறார், நல்ல நரம்பு டாக்டரிடம் காட்டு என்றேன். அவள் கூட்டிப்போனாள். டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் அப்பா சரியாகப் பதில் சொன்னாராம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து, பூஜ்யத்துக்குக் கிட்டே வரை சொல்ல, டாக்டரே போதும் என்று நிறுத்தினாராம்.

போன வாரம் டேவின் அட்டையில் எழுத முடியாமல் வீட்டுக்கு வந்த அன்று, விமலாவுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பது உறைத்தது. செய்தி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. எனக்கு நன்றி சொல்லிவிட்டு எழுதியிருந்தார்: 'உங்கள் அப்பா எப்படி இருக்கிறார்? கைசர் இருந்தவரை உங்கள் தங்கை மகனின் போனிலிருந்து புதன்கிழமை தோறும் கூப்பிடுவார். போனைக் கைசரின் காதருகே பிடிக்கச் சொல்வார். அவன் இறந்த அன்றைக்கு நானேதான் கூப்பிட்டுச் சொன்னேன். எனக்கு ரொம்ப நன்றி சொன்னார்.'

அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. பிறகு காலண்டரை எடுத்து எண்ணினேன். கைசர் இறந்துவிட்டதை அறிந்த பிறகும் அப்பா பதினேழு ஞாயிறு என்னிடம் கேட்டிருக்கிறார். அவன் எப்படி இருக்கான்? பதினேழு ஞாயிறும் நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான நேரத்துக்கு அழைத்தேன். அப்பா முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். லிஃப்ட் இரண்டு நாளாகக் கெட்டுக் கிடப்பதைச் சொன்னார். ரியா எங்கே என்றார். வெளியே போயிருக்கிறாள் என்றேன். நீ சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன் என்றேன். எப்போதும் அந்த இடத்தில் பேச்சு தீர்ந்துவிடும்.

"அப்பா, கைசர்க்க ஒரு காரியம் சொல்லணும்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் காதருகே கொண்டுபோய், மறுபடியும் முன்னால் கொண்டுவந்தார்.

"ஒண்ணும் கேக்கல்ல மக்கா. ரேஞ்ச் இல்ல போல."

"அப்பா, நான்..."

"ஒண்ணும் கேக்கல்ல. பிறகு விளி."

படம் தெளிவாகத்தான் இருந்தது. பக்கத்து அறையில் ஆகாஷ் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு ஒவ்வொரு எண்ணாகக் கேட்டது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சிவப்புப் பொத்தான் எது என்று தேடி, அழுத்தினார்.